பழைய லேம்புக்கு புது ஒயர்: நாமளே மாத்தலாமா?

கேள்வி: தாத்தா காலத்து பித்தளை டேபிள் லேம்ப் ஒண்ணு பரண்ல இருந்து கெடச்சுது. தொடச்சு வச்சா ஜம்முனு இருக்கு. ஆனா ஒயர் துணி சுத்துனது, வளைச்சா உள்ள இருக்க ரப்பர் தூள் தூளா கொட்டுது. ஒரு தடவ சொருகிப் பாத்துட்டு எரிஞ்சா அப்படியே வச்சுக்கலாமா? ஒயர் மாத்தணும்னா நானே பண்ணலாமா, என்னென்ன வாங்கணும்?

பதில்: சொருகவே சொருகாதீங்க, ஒரு தடவ கூட வேணாம். பல்பு எரியறதுக்கும் ஒயர் நல்லா இருக்கறதுக்கும் சம்பந்தமே கெடையாது. உள்ள ரப்பர் உதிர்ந்து செம்புக் கம்பி பித்தளைய ஒட்டிக்கிட்டு இருந்தாலும் பல்பு பாட்டுக்கு எரியும், நீங்க கைய வச்சாதான் சங்கதி தெரியும். இன்னொண்ணு, வெளில தெரியற ஒயர விட ஹோல்டர் கிட்ட இருக்கறதுதான் மோசமா இருக்கும், வருஷக்கணக்கா பல்பு சூட்டுலயே வெந்தது அது. அதனால வெளிப்பக்கம் நல்லா இருக்கு, கெட்ட இடத்த மட்டும் வெட்டிட்டு டேப் சுத்திக்கலாம்ங்கற யோசனையும் வேணாம். பிளக்ல இருந்து ஹோல்டர் வரைக்கும் ஒரே ஒயர், நடுவுல ஜாயிண்டே இருக்கக்கூடாது.

நீங்களே பண்ணலாமான்னா, வெறும் பிளக், ஒயர், சுவிட்ச், ஹோல்டர் மட்டும் இருக்க லேம்புன்னா தாராளமா பண்ணலாம். ஸ்க்ரூ டிரைவர் ஒழுங்கா பிடிக்கத் தெரிஞ்சா போதும். அடில கனமா டிரான்ஸ்ஃபார்மர் இருக்கறது, சோக் போட்டது, தொட்டா எரியற டைப், நாலஞ்சு கை வச்ச தொங்கு விளக்கு, இதெல்லாம் எலக்ட்ரீஷியன்ட்ட குடுத்துடுங்க.

இப்ப வாங்கற விஷயம். உங்களோடது மெட்டல் பாடி, அதனால த்ரீ கோர் ஒயரும் (உள்ள ஃபேஸ், நியூட்ரல், எர்த்னு மூணு கம்பி இருக்கறது) எர்த் பின் இருக்க பிளக்கும்தான் வாங்கணும், இதுல பேரமே இல்ல. சைஸு 0.75 ஸ்கொயர் எம்எம் போதும். கடைல 1.5 வாங்குங்க ஸ்ட்ராங்கா இருக்கும்பாங்க, கேக்காதீங்க. 60 வாட்ஸ் பல்பு 230 வோல்ட்ல இழுக்கறதே 0.26 ஆம்ப்ஸ்தான், 120 வோல்ட் ஓடற நாட்டுல இருந்தாலும் அரை ஆம்ப்ஸ், ஆனா 0.75 ஒயர் 6 ஆம்ப்ஸ் வரை தாங்கும். தடி ஒயர் வாங்குனா காசும் போச்சு, லேம்ப் குழாய்க்குள்ள நுழையவும் நுழையாது. மெல்லிசு மெல்லிசா நெறைய இழை இருக்க ஃப்ளெக்ஸிபிள் ஒயரா கேளுங்க, சுவத்துக்குள்ள போடற ஒத்தக் கம்பி ஒயர் வேணவே வேணாம், நாலு தடவ வளைஞ்சா உள்ளுக்குள்ளயே முறிஞ்சுடும்.

ஒயர் வாங்கறப்ப ஒரு இடத்துலதான் நெறைய பேர் ஏமாறாங்க. வெளில செம்பு கலர்ல பளபளன்னு இருக்கும், உள்ள அலுமினியம். நுனிய வெட்டி ஒரு இழைய பிளேடால சுரண்டிப் பாருங்க, வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் குடுத்துடுங்க (தகரம் பூசுன நல்ல செம்பு இதுக்கு நேர் எதிரு, மேல வெள்ளை, சுரண்டுனா உள்ள செம்பு, அது ஓகே). ஒயர் மேலயே சைஸு, வோல்டேஜ், உங்க நாட்டுத் தர முத்திரை எல்லாம் அச்சடிச்சிருக்கணும், ஒண்ணுமே எழுதாத மொட்டை ஒயர் எவ்வளவு மலிவா கெடச்சாலும் வேணாம். பழைய லுக் வேணும்னா துணி சுத்துன புது ஒயரே வருது, உள்ள பிவிசி இல்லன்னா சிலிக்கான் இன்சுலேஷன் இருக்கும், அதுலயும் த்ரீ கோர் கெடைக்கும்.

ஹோல்டரையும் மாத்திடுங்க. பழைய பித்தளை ஹோல்டர்ல பல மாடல்ல உள்ள அட்டை மாதிரி ஒரு உறை இருக்கும், அதுதான் இன்சுலேஷனே, அது கருகியோ காணாமலோ போயிருக்கும். புதுசு வாங்கப் போறப்ப பழசக் கையோட எடுத்துட்டுப் போங்க, ஏன்னா பல்பு சைஸு ஒத்துப் போனாலும் அடில குழாய்ல மாட்டற மரை ஒத்துப் போகாம இருக்கலாம். ஒயர் நுழையற ஓட்டைக்கு ஒரு ரப்பர் புஷ், ஒயர் இழுபடாம பிடிக்கற கிளாம்ப், இது ரெண்டையும் மறக்காதீங்க. சில்லறைக் காசு சாமான்தான், ஆனா இது இல்லன்னா ஷாக் அடிக்க வாய்ப்பு இருக்கு.

வேலைல ரெண்டு மூணு விஷயம் மட்டும் சொல்றேன். பழைய ஒயர உருவி எறிஞ்சுடாதீங்க, அதோட நுனில புது ஒயர டேப் போட்டு ஒட்டி இழுத்தா வளைஞ்ச குழாய்க்குள்ளயும் தானா வந்துடும் (ஒயர் ரொம்ப நைஞ்சு போயிருந்தா அதால ஒரு கெட்டி நூல இழுத்து, அந்த நூலால புது ஒயர இழுங்க). அதுக்கு முன்னாடி குழாய் வாய்ல விரல வச்சுப் பாருங்க, பிசிறு இருந்தா அரத்தால ராவிடுங்க, அந்த பிசிறுதான் புது ஒயரையும் அறுக்கும். ஸ்க்ரூ டெர்மினல்ல இழைய முறுக்கி, ஸ்க்ரூ இறுகற பக்கமாவே சுத்துங்க, எதிர்ப்பக்கம் சுத்துனா டைட் பண்ண பண்ண வெளில வந்துடும். நுனில ஈயம் வச்சு சால்டர் பண்ணிட்டு ஸ்க்ரூல மாட்டறது நீட்டான வேலைன்னு நெனைப்பாங்க, ஆனா ஈயம் அழுத்தத்துல மெல்ல மெல்ல நசுங்கி கனெக்ஷன் லூஸாயிடும், லூஸ்னா சூடு. அப்புறம் எர்த் ஒயர மத்த ரெண்ட விட கொஞ்சம் நீளமா விடுங்க, யாராவது கால் தட்டி இழுத்தாலும் அது கடைசியாதான் அறுபடணும். அதோட மறுமுனைய லேம்பு பாடில பெயிண்ட், வார்னிஷ் எல்லாம் சுரண்டுன இடத்துல ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க.

சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல (கனெக்ஷன் இருந்தா பீப் அடிக்கற செட்டிங்ல வச்சு) ஒரு டெஸ்ட். பல்பக் கழட்டிட்டு சுவிட்ச்ச ஆன்ல வைங்க. எர்த் பின்னுக்கும் பித்தளைக்கும் வச்சா பீப் அடிக்கணும். மத்த ரெண்டு பின்ல எதையும் பித்தளையோட வச்சா சத்தமே வரக்கூடாது, அந்த ரெண்டு பின்னையும் ஒண்ணோட ஒண்ணு வச்சாலும் வரக்கூடாது. இதுல எதாவது ஒண்ணு மாறுனாலும் திரும்பப் பிரிங்க.

கேள்வி: என்கிட்ட இருக்க மெட்டல் லேம்புக்கு முப்பது வருஷமா டூ கோர் ஒயர்தான், ஒண்ணும் ஆகல. எதுக்கு தேவையில்லாம த்ரீ கோர்?

பதில்: லேம்புல எங்கயாவது சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி இருக்கான்னு பாருங்க. இருந்தா அது டபுள் இன்சுலேஷன், கம்பெனியே டூ கோருக்காக செஞ்சது, அதுக்கு எர்த் குடுக்க வேணாம். குறி இல்லாத மெட்டல் லேம்புன்னா இத்தனை நாள் ஒண்ணும் ஆகாதது உள்ள ஒயர் இன்னும் நைஞ்சு போகலங்கறதால மட்டும்தான்.

எர்த் இருந்தா, ஃபேஸ் (கரண்ட் வர்ற கம்பி) பாடில பட்ட அந்த நிமிஷமே ஃபியூஸ் போகும், இல்ல பிரேக்கர் விழும். எர்த் இல்லன்னா பாடி கரண்டோட சும்மா நிக்கும், ஆள் தொடறதுக்காக. வீட்டு போர்டுல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) இருந்தா அப்பவும் கட் பண்ணும், ஆனா உங்க உடம்பு வழியா கரண்ட் போன பிறகுதான் கட் பண்ணும். ரெண்டும் இருக்கறது நல்லது. சாக்கெட்லயே எர்த் இல்லாத பழைய வீடுன்னா மொதல்ல அத சரி பண்ணுங்க, த்ரீ கோர் போட்டும் அது போய் சேர எடம் இல்லன்னா பிரயோஜனம் இல்ல.

கேள்வி: திருகு ஹோல்டர்ல எந்த ஒயர் எங்க போகணும்? ரெண்டுல எத மாட்டுனாலும் எரியுதே?

பதில்: எரியும், ஆனா ஃபேஸ் நடு நாக்குக்குத்தான் போகணும், மரை இருக்க வெளி வளையத்துக்கு நியூட்ரல். மாத்திக் குடுத்தா பல்பு திருகறப்ப விரல் படற மரைலயே ஃபேஸ் நிக்கும். சுவிட்சும் ஃபேஸ்லதான் வரணும். கலரு: பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்ச மஞ்ச கோடு எர்த். பழைய ஒயர்ல பல ஊர்ல செவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், ஆனா அமெரிக்க ஒயர்ல கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், அதனால கறுப்பப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க. எப்படி வேணா திருப்பி சொருகற மாதிரி சாக்கெட் இருக்க ஊர்ல இந்த ஒழுங்கு நிலைக்காது, அங்க ரெண்டு ஒயரையும் சேத்து கட் பண்ற டபுள் போல் சுவிட்ச் வாங்குங்க, பல்பு மாத்தறப்ப பிளக்கயே உருவிடுங்க.

கேள்வி: ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் லேம்ப் பாத்தேன், "ரீவயர் செஞ்சது"ன்னு போட்டிருக்கு. நம்பி வாங்கலாமா?

பதில்: புது பிளக் மட்டும் மாட்டிட்டு ரீவயர்னு எழுதறவங்க நெறைய. அடிப்பக்கமும் ஹோல்டருக்குள்ளயும் போட்டோ கேளுங்க, அனுப்ப மாட்டேன்னா விட்டுடுங்க. மெட்டல் பாடிக்குள்ள டூ கோர் போகுதா, ஒயர் நுழையற ஓட்டைல புஷ் இருக்கா, எங்கயாவது டேப் தெரியுதா, இது மூணும் பாத்தாலே பாதி தெரிஞ்சுடும். நேர்ல பாத்தா ஒயர லேசா இழுங்க, உள்ள வெளில போய் வந்தா கிளாம்ப் இல்லன்னு அர்த்தம். எப்படி இருந்தாலும் திரும்ப ஒயர் மாத்தற செலவையும் சேத்துக் கணக்கு போட்டு வெல பேசுங்க.

கேள்வி: எல்இடி போட்டா சூடே இல்லையே, பழைய ஒயரயே வச்சுக்கலாம்ல?

பதில்: சூடு கொறையறது நெசம்தான், 60 வாட்ஸ் குண்டு பல்பு குடுக்கற சுமார் 800 லூமென்ஸ் வெளிச்சத்த 9 வாட்ஸ் எல்இடி குடுத்துடும், துணி ஷேடுக்கும் நல்லது. ஆனா ஒயர்ல வர்ற வோல்டேஜ் அதேதான், பல்பு சின்னதாச்சேன்னு ஷாக் கம்மியாயிடாது. ஒயர் மாத்திட்டு எல்இடி போடுங்க. லேம்புல டிம்மர் இருந்தா மட்டும் டிம்மபிள்னு எழுதியிருக்க பல்பா பாத்து வாங்குங்க, இல்லன்னா மினுக்கிட்டே இருக்கும்.