150 ரூபாய் பேரீச்சங்கன்றை நம்பலாமா?

கேள்வி: திண்டிவனம் பக்கம் எங்கள் நிலத்தில் ஐந்தாறு பேரீச்சை வைக்க ஆசை. ஒரு நர்சரியில் கன்று 150 ரூபாய். இன்னோர் இடத்தில் திசு வளர்ப்பு பர்ஹி ரகம், 4,000 ரூபாய் என்கிறார்கள். மலிவாகக் கிடைப்பது வெறும் காட்டு ஈச்சை என்கிறார் என் மைத்துனர். கன்றைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: சின்னக் கன்றில் ரொம்பக் கஷ்டம். பேரீச்சையும் நம்மூர் ஈச்சையும் நெருங்கிய சொந்தம். முளைக்கும்போது இரண்டுமே புல் மாதிரி ஒற்றை இலையாகத்தான் எழும்பும். வளர்ந்தால் தெரியும். பேரீச்சை அடியில் பக்கக்கன்று விடும், ஈச்சை ஒற்றை மரமாகவே நிற்கும். ஈச்சம்பழம் ஓர் அங்குல நீளம் வந்தால் பெரிது, அதிலும் கொட்டைதான் முக்கால்வாசி. அதற்காக ஈச்சையை மட்டமாக நினைக்க வேண்டாம். வங்காளத்தில் குளிர்காலத்தில் காய்ச்சும் பேர்போன வெல்லம் இந்த மரத்துச் சாற்றில்தான்.

150 ரூபாய்க் கன்று அசல் பேரீச்சையாகவே இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். அந்த விலைக்குக் கிடைப்பது விதைக்கன்றுதான். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும். எது எதுவென்று பூக்கும்போதுதான் தெரியும். அதற்குள் சில வருடம் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். பெண்ணாக அமைந்தாலும் தாய் மரத்தின் பழம் வரும் என்று சொல்ல முடியாது. பக்கக்கன்றும், தாய் மரத்தின் சின்னத் துணுக்கிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் திசு வளர்ப்புக் கன்றும் அப்படியல்ல, தாய் எப்படியோ அப்படியே. பர்ஹிக்கு இன்னொரு வசதி உண்டு. மஞ்சளாக, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும்போதே இனிக்கும். மரத்திலேயே பழுக்க விட்டு மழையில் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பில்லில் வெறுமனே ‘பேரீச்சங்கன்று’ என்று எழுதி வாங்காதீர்கள். ரகம், பெண் கன்று, திசு வளர்ப்பு, எந்த ஆய்வகம் என்று நாலும் இருக்கட்டும். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள்.

அப்புறம், எல்லாமே பெண் கன்றாக வைத்தால் மகரந்தத்துக்கு எங்கே போவது? ஓர் ஆண் கன்றும் சேர்த்து வையுங்கள். அது பூக்கத் தாமதமானால், பக்கத்தில் நிற்கும் ஆண் ஈச்சையின் பூந்துகளைத் தூவினாலும் காய் பிடிக்கும்.