புதுக் கணினியில் பழைய விண்டோஸ்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: புதிய மடிக்கணினியை விண்டோஸ் 11-க்கு மேம்படுத்தியபின், சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்னும் கோப்புறை 20 ஜிபிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கிறது. டெலிட் செய்தால் அனுமதி இல்லை என்கிறது.
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: மேம்பாடு ஒத்துவராவிட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்புவதற்காக விண்டோஸே வைத்திருக்கும் கோப்புகள் அவை, 10 நாட்களுக்குப் பின் தாமாகவே நீங்கிவிடும். இடம் உடனே வேண்டுமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று சென்று, ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்து நீக்குங்கள். நீக்கியபின் இந்த வழியில் திரும்ப முடியாது. ஆகவே பிரிண்டரும் வைஃபையும் சரியாக இயங்குகின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘புத்தம் புதியது’ என்று விற்ற கணினியில், நான் எதையும் மேம்படுத்தாமலேயே அதே கோப்புறை இருக்கிறது. உள்ளே ‘யூசர்ஸ்’ பகுதியில் அறிமுகமில்லாத ஒருவரின் பெயர். அழித்துவிடட்டுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அழிக்காதீர்கள். முதல்முறை இணையத்தில் இணைக்கும்போது பெரிய புதுப்பிப்பு இறங்கினாலும் இக்கோப்புறை உருவாகலாம்; ஆனால் அதில் அந்நியர் பெயர் வராது. வேறொருவர் பயன்படுத்திய இயந்திரத்தில் விண்டோஸை மறுபடி நிறுவி, வட்டை முழுமையாகத் துடைக்காமல் உங்களிடம் தள்ளியிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். பயன்படுத்திய பொருளைப் புதியது என்று சொல்வதை தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 41-ஆவது பிரிவில் பொய்க்கூற்று என்கிறது. புதுப்பித்து விற்கும் பொருளில் அதைத் தெளிவாக அறிவித்திருக்க வேண்டும் என்கிறது 25-ஆவது பிரிவு. உழைத்துச் சேர்த்த ரேண்டைக் கொடுப்பவர்களிடம் இதைச் செய்வது ஏமாற்று என்பதைத் தவிர வேறில்லை. இத்தகைய கடிதம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. 10 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் இன்றே அந்தப் பெயரும் கோப்புறையின் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள். அந்த மனிதரின் கோப்புகளைத் திறக்காதீர்கள். ரசீதின் நகலுடன் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவை குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள். அங்கே நுகர்வோரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

கேள்வி: மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென்று சொல்லித்தான் கணினி வாங்கினேன். சேமிப்பிடம் 64 ஜிபி. பழைய கோப்புகளை நீக்கியும் இடம் போதவில்லை.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: 64 ஜிபி என்பது விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு. எனக்கும் ஒரு கடைக்காரர் இதே அளவைத் தாராளமாகப் போதும் என்று சொல்லி விற்றார். அடுத்த பெரிய புதுப்பிப்புக்கே அதில் இடமில்லை. என்ன தேவைக்கு என்று நீங்கள் கடையில் குறிப்பாகச் சொல்லியிருந்தால், பொருள் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு கூறுகிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையை 56-ஆவது பிரிவு தருகிறது. தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் கண்ட இலவச ‘க்ளீனர்’ செயலியைக் கொண்டு எல்லாவற்றையும் துடைத்தேன். இப்போது படங்களும் இல்லை.
– வாசகர், லெனேசியா

பதில்: விண்டோஸிலேயே இருக்கும் வசதியை விட்டுவிட்டு, யார் செய்தது என்றே தெரியாத செயலியிடம் கணினியை ஒப்படைத்திருக்கிறீர்கள். அதில் இனி எதையும் சேமிக்காமல், தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள்.