பாட்டியைத் தேடிப் போகும் ட்ரோன்

கேள்வி: என் மகள் ஆறாவது படிக்கிறாள். புயலைத் திசைதிருப்பும் எந்திரம், வெள்ளத்தில் ஒரு பாட்டியைத் தேடிப் போகும் ட்ரோன் என்று சிறுவர் அறிவியல் நாவல் எழுதுகிறாளாம், நோட்டு நோட்டாக நிரப்புகிறாள். ஃபெஞ்சல் புயல் சமயத்தில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு இரண்டு நாள் போன் போகவில்லை, அதிலிருந்துதான் இந்தப் பழக்கம். காலாண்டில் கணக்கில் 41 மார்க். எப்படி நிறுத்துவது?
- ஒரு அப்பா, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, மார்க்கை அப்புறம் பார்ப்போம். இரண்டு நாள் போன் போகவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டு மார்க்குக்குத் தாவிவிட்டீர்களே, அந்த இரண்டு நாளும் நீங்கள் என்ன செய்தீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், காணோம். உங்கள் மகளும் அதைத்தான் தேடியிருப்பாள்.

2024 நவம்பர் 30 ராத்திரி கரையேறிய புயல் புதுச்சேரியை விட்டு நகராமல் நின்று ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ரோடெல்லாம் தண்ணீர், சரி, அன்றைக்குப் போக முடியாது. ஆனால் புயல் வருகிறது என்று வானிலை மையம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதானே இருந்தது? கடலூர் என்ன, இருபத்து சொச்சம் கிலோமீட்டர். 2004 சுனாமியும் 2011 'தானே' புயலும் பார்த்த கரை அது. பெற்றவளை அங்கே தனியாக விட்டுவிட்டு போனில் 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்பதை நான் கவனிப்பு என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அவர் வர மாட்டேன் என்கிறார் என்பீர்கள், எனக்கு எழுதும் எல்லா மகன்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமாவது வந்து இரும்மா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? கரண்ட் போய் டவரில் பேட்டரியும் தீர்ந்தால் போன் வெறும் டப்பா. அதைப் பிள்ளை புரிந்துகொண்டு ட்ரோனை அனுப்புகிறது, அப்பா போகாத இடத்துக்கு.

நாவலை நிறுத்தாதீர்கள். அமெரிக்காவில் 1962-லிருந்து 1983 வரை விமானத்தில் போய் சில்வர் அயோடைடு என்ற ரசாயனத்தைத் தூவிப் புயலை அடக்கப் பார்த்து, பலிக்காமல் கைவிட்டார்கள். அதைச் சொல்லுங்கள், அந்த எந்திரம் தோற்கும் அத்தியாயத்தை அவளே எழுதுவாள். லாஸ்பேட்டையிலிருந்து பாட்டி வீட்டுக்கு ட்ரோன் எத்தனை நிமிஷத்தில் போகும், காற்று எதிரே அடித்தால் எவ்வளவு தாமதமாகும் என்று கேளுங்கள், கணக்கும் தானாக வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் போங்கள். ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு பையில் எடுத்து வையுங்கள். நோட்டை அவள் பாட்டிக்குப் படித்துக் காட்டட்டும், நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்.