ஸ்காட், ஷாக்கிள்டன் தங்கிய மரவீடுகளைப் பார்க்க ராஸ் கடல் வரை போவது வீண் செலவா?

"பெங்குயின் பார்க்க அண்டார்டிகா தீபகற்பமே போதும் என்கிறார்கள், அந்தப் பழைய மரவீடுகளுக்காக ராஸ் கடல் வரை போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நூறு வருடத்துக்கு முன் தென் துருவம் தேடிப் போன பிரிட்டிஷ் குழுக்களின் தலைவர்கள் ஸ்காட்டும் ஷாக்கிள்டனும் தங்கிய வீடுகள் அவை. பெங்குயின் மட்டும்தான் வேண்டும் என்றால் வேண்டாம். அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பல் ஏறினால் இரண்டு நாளில் தீபகற்பம் வந்துவிடும். அங்கே சலிக்கும்வரை பெங்குயின் பார்க்கலாம். ராஸ் கடலுக்கு நியூசிலாந்தின் தென்கோடியிலிருந்து கிளம்ப வேண்டும். போக வர ஒரு மாதம் ஆகும், அதில் பாதிக்கு மேல் வெறும் கடல்தான். டிக்கெட் விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

ஆனால் "நூறு வருடத்துப் பழைய பலகையில் பார்க்க என்ன இருக்கிறது" என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் இந்தப் பதில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் காசு கட்டிப் போன பயணி இல்லை. தூத்துக்குடிக்காரன், அந்தக் கப்பலில் இன்ஜின் ரூம் மோட்டார்மேன். பயணிகள் எல்லாரும் கரைக்குப் போய்த் திரும்பிய பிறகு, காற்று அடங்கி நேரமும் மிச்சம் இருந்தால், கப்பல் ஆட்களைக் கடைசி ரப்பர் படகில் கூட்டிப் போவார்கள். எனக்கு அப்படி வாய்த்தது. ஓசியில் போனவன் அளக்கிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ச் டியூட்டி முடித்துத் தூங்க வேண்டிய நேரத்தை விட்டுத்தான் போனேன்.

ராஸ் கடலில் இருக்கும் ராஸ் தீவில் இப்படிப்பட்ட வீடுகள் மூன்று இருக்கின்றன. நான் பார்த்தது இரண்டு. முதலாவது கேப் ராய்ட்ஸில், ஷாக்கிள்டன் 1908-ல் கட்டியது. பின்னால் எரபஸ் எரிமலை, 3,794 மீட்டர், உச்சியில் எப்போதும் புகை. கரையிலிருந்து மேடு ஏறுவதற்குள்ளேயே வாடை வந்து மூக்கில் அடிக்கும். அடேலி பெங்குயின்களின் எச்சம். உலகத்திலேயே தெற்குக் கோடியில் இருக்கும் பெங்குயின் குடியிருப்பு அதுதான். அதற்குள் நாம் போக முடியாது, பாதுகாக்கப்பட்ட இடம், எல்லைக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அதுவே போதும். குஞ்சுகள் ஓரளவு வளர்ந்திருந்த சமயம். கடலிலிருந்து தாயோ தகப்பனோ வயிறு நிறைய இரையோடு வந்ததும் குஞ்சுகள் துரத்துகின்றன, பெரியது ஓடுகிறது. விடாமல் ஓடி வருகிற குஞ்சுக்குத்தான் சாப்பாடு. பக்கத்திலேயே ஸ்குவா என்ற பழுப்புப் பறவை, நம் ஊர்ப் பருந்து அளவு இருக்கும், கூட்டத்தை விட்டு விலகும் குஞ்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. காத்திருந்தது வீண்போகவில்லை. எங்கள் கப்பல் சமையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தினமும் கோழி வெட்டுகிற மனுஷன்!

சரி, வீட்டுக்கு வருகிறேன். வாசலில் பிரஷ் வைத்து பூட்ஸைத் தேய்த்துவிட்டுத்தான் ஏற விடுவார்கள். ஒரு சமயத்தில் எட்டுப் பேர்தான் உள்ளே. பை கூடாது, எதையும் தொடக் கூடாது. ஒரே ஒரு அறை, நீளம் பத்து மீட்டர், அகலம் ஆறு மீட்டர்கூட இல்லை. அதற்குள் பதினைந்து பேர் குளிர்காலம் முழுக்க இருந்திருக்கிறார்கள், அங்கே மாதக்கணக்கில் சூரியனே வராது. அலமாரியில் டப்பாக்கள் அப்படியே நிற்கின்றன, கூரையிலிருந்து ஹாம் தொங்குகிறது. இருவருக்கு ஒரு தடுப்பு, மறைவுக்கு ஒரு திரை. தனி அறை ஷாக்கிள்டனுக்கு மட்டும். சாப்பாட்டு மேசை ஒன்றுதான், சாப்பிட்டு முடித்ததும் அதைக் கயிறு கட்டி மேலே தூக்கிவிடுவார்களாம். அந்த ஒரே மேசையில் 2,000 பவுண்டு கொடுத்து இடம் பிடித்த இளம் பிரபு ப்ராக்கிள்ஹர்ஸ்ட்டும் உட்கார்ந்தார், கடற்படையில் சாதாரண ஆளாக இருந்து வந்த வைல்டும் ஜாய்ஸும் உட்கார்ந்தார்கள். அந்த வைல்டும் ஜாய்ஸும்தான் அந்தக் குளிரில் அச்சு இயந்திரத்தை வைத்து ஒரு புத்தகமே அச்சடித்தார்கள். அண்டார்டிகாவில் அச்சான முதல் புத்தகம் அது, அட்டைக்குச் சாமான் பெட்டிப் பலகை.

2010-ல் தரைக்கு அடியில் பனியில் உறைந்து கிடந்த விஸ்கிப் பெட்டிகளை எடுத்த கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதனால் நான் விடுகிறேன். எங்கள் போசன் (டெக் ஆட்களுக்குத் தலைவர்) மட்டும் வழிகாட்டியிடம் "மீதி எங்கே" என்று இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் கேப் எவன்ஸ். ராய்ட்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். 1911 ஜனவரியில் ஸ்காட் கட்டிய வீடு, பதினைந்து மீட்டர் நீளம், இருபத்தைந்து பேர். தென் துருவத்துக்குப் போய்த் திரும்பாத ஐந்து பேரும் இங்கிருந்துதான் கிளம்பினார்கள். பயணிகள் எல்லாம் ஸ்காட்டின் படுக்கைப் பக்கம்தான் கூடுவார்கள், அங்கே மேசை மேல் செத்த எம்பரர் பெங்குயின் ஒன்று இன்னும் கிடக்கிறது. நான் நின்றது வேறு இடத்தில்.

வீட்டின் குறுக்கே சாமான் பெட்டிகளை அடுக்கி ஸ்காட் ஒரு சுவர் எழுப்பினார். உள்பக்கம் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும், பதினாறு பேர். வாசல் பக்கம் மற்றவர்கள், ஒன்பது பேர். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மேசை. ஊரே இல்லாத ஊரில், இருபத்தைந்தே பேர் இருக்கிற இடத்தில், நடுவில் ஒரு சுவர். எங்கள் கப்பலிலும் ஆபீசர் மெஸ் தனி, க்ரூ மெஸ் தனி. அதனால் அது இருந்த இடம் என் கண்ணில் முதலில் பட்டது.

வாசல் பக்க ஒன்பது பேரில் ஒருவர் வில்லியம் லாஷ்லி. கடற்படையில் தலைமை ஸ்டோக்கர், அதாவது பாய்லருக்குக் கரி போட்டு வளர்ந்த இன்ஜின் ரூம் ஆள், எங்கள் சாதி. 1912-ல் துருவப் பாதையிலிருந்து திரும்பும்போது லெப்டினன்ட் எவன்ஸுக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைவு நோய் வந்து நடக்க முடியாமல் போனது. லாஷ்லியும் டாம் கிரீன் என்ற இன்னொரு வாசல் பக்கத்துக்காரரும் அவரைப் பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜ் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று எவன்ஸ் உத்தரவு போட்டும் கேட்கவில்லை. கடைசியில் இழுக்கவும் தெம்பில்லாதபோது, லாஷ்லி அவரோடு கூடாரத்தில் தங்க, கிரீன் தனியாக ஐம்பத்தாறு கிலோமீட்டர் நடந்துபோய் ஆள் கூட்டி வந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்து மனிதரை இந்தப் பக்கத்து இரண்டு பேர் காப்பாற்றினார்கள். இரண்டு பேருக்கும் உயிர் காத்ததற்கான ஆல்பர்ட் மெடல் கொடுத்தார்கள், சரி. ஆனால் அந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களில் எத்தனை பேர் லாஷ்லி படுத்த பக்கம் எது என்று கேட்கிறார்கள்?

இதை எழுதினால் ஸ்காட் அபிமானிகள் வருவார்கள் என்று தெரியும். அது அந்தக் காலத்துக் கடற்படை வழக்கம், மாலுமிகளே அதைத்தான் விரும்பினார்கள், அதிகாரிகள் கண் முன்னால் இருந்தால் அவர்களுக்கும் சங்கடம் என்பீர்கள். இருக்கலாம். க்ரூ மெஸ்ஸில் கேப்டன் வந்து உட்கார்ந்தால் எங்களுக்கும் சோறு இறங்காதுதான். ஸ்காட்டைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எந்தப் புத்தகமும் இல்லாமலே இது கண்ணில் படும் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றைத் தவறவிடாதீர்கள். 1915-ல் ஷாக்கிள்டனின் இன்னொரு குழுவைச் சேர்ந்த பத்துப் பேர் இங்கே மாட்டிக்கொண்டார்கள், கப்பலைப் புயல் அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் நங்கூரங்கள் இன்னும் கரையில் கிடக்கின்றன. மூன்று பேர் திரும்பவில்லை. அவர்களின் பெயர்களை ரிச்சர்ட்ஸ் என்பவர் தன் படுக்கையோரப் பலகையில் எழுதி வைத்தது இன்றும் இருக்கிறது. வெளியே வந்தால் வெடல் சீல்கள் மல்லாந்து கிடக்கும். பனியில் மூச்சுத் துளை மூடாமல் இருக்கப் பல்லால் அரம் போல அராவிக்கொண்டே இருக்கும் பிராணி அது, வயதாகப் பல் தேய்ந்துபோய் அதனாலேயே சாகும் என்று வழிகாட்டி சொன்னார். அதில் ஒன்று எங்களைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடிக்கொண்டது.

இதெல்லாம் ஊரில் சொன்னால், "அப்போ நம்ம மைத்ரி நிலையத்தையும் பார்த்திருப்பியே" என்கிறார் மாமா. மைத்ரி கண்டத்தின் இன்னொரு பக்கம், மாமா. இன்னும் சிலருக்கு இதைவிட முக்கியமான கேள்வி, அந்த மாதிரிக் கப்பலில் வேலைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது. இங்கே சொல்லிவிடுகிறேன், ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. வேலை வாங்கித் தந்ததற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்று 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே சொல்கிறது, இந்தியா அதை 2015-ல் ஏற்றிருக்கிறது. மெடிக்கல், பாஸ்போர்ட், சிடிசி (மாலுமிக்கான அடையாளப் புத்தகம்) செலவு நம்முடையது, அவ்வளவுதான். ஆனால் என் முதல் கப்பலுக்கு ஒரு ஏஜென்ட் 'டாக்குமென்ட் சார்ஜ்' என்று வாங்கினான். அம்மாவின் வளையல் அதில் போனது. ரசீது கேட்டதற்கு, "கப்பல் வேணுமா ரசீது வேணுமா" என்றான். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும், இருக்கட்டும்.

உங்கள் கேள்விக்கு: காசும் ஒரு மாத லீவும் இருந்தால் போங்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் பார்த்து எடுங்கள், பனி அப்போதுதான் ஓரளவு விலகும். அப்படியும் காற்று எழும்பிவிட்டால் கரையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுக் கப்பலைத் திருப்பிவிடுவார்கள், பணம் திரும்ப வராது. பதிவு செய்யும்போதே ராய்ட்ஸ், எவன்ஸ் இரண்டிலும் இறங்கும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். கோட்டு மடிப்பு, வெல்க்ரோ பட்டை எல்லாவற்றையும் விதை, மண் இல்லாமல் சுத்தம் செய்துதான் கரைக்கு விடுவார்கள், அதற்குக் கோபப்படாதீர்கள். எவன்ஸில் உள்ளே போனதும் முதலில் வாசல் பக்கத்தைப் பாருங்கள். எல்லாரும் நேரே ஸ்காட்டிடம் போய்விடுவார்கள், அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.