கிராங்க் சொல்வதா, டிரெயினர் சொல்வதா? பவர் மீட்டர் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓராண்டாக, மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் பவர் மீட்டரை இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) மட்டும் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டுப் பயிற்சிக்காக, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேரடியாக மாட்டும் ஸ்மார்ட் டிரெயினர் ஒன்றையும் அண்மையில் வாங்கினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் கிராங்க் 236 வாட் என்கிறது, டிரெயினர் 215 வாட் என்கிறது. எதை நம்புவது? மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது மேலே போகப் போகக் கிராங்க் காட்டும் எண்ணும் குறைகிறது. அது என் களைப்பா, கருவியின் கோளாறா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எதை நம்புவது என்று முடிவு செய்யுமுன், அந்த 21 வாட் எங்கே போயிற்று என்று கணக்குப் பார்த்துவிடுவோம். என் அனுபவத்தில் இத்தகைய வேறுபாடுகளில் கருவியின் குறை சிறிதாகவும், கருவிக்கு நாம் கொடுத்த தகவலின் பிழை பெரிதாகவும் இருந்திருக்கிறது.

பவர் மீட்டர் வாட்டை நேரடியாக அளப்பதில்லை. நாம் மிதிக்கும்போது கிராங்கின் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள ஸ்ட்ரெயின் கேஜின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து திருப்பு விசையை (டார்க்) கணக்கிட்டு, கிராங்க் சுழலும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் திரையில் தெரியும் திறன். ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் 1986-இல் தொடங்கிய எஸ்ஆர்எம் நிறுவனத்தின் கருவிகள் முதல் இன்றைய பெடல் மீட்டர்கள் வரை அடிப்படை இதுதான்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். டிரெயினர் அளப்பது செயினையும் பல்சக்கரங்களையும் கடந்து வந்த திறனை. சுத்தமாக எண்ணெயிட்ட செயினிலேயே 2 முதல் 3 விழுக்காடு உராய்வில் போய்விடும். ஆகவே டிரெயினரில் 215 என்றால் கிராங்கில் 220 இருப்பதே முறை. அடுத்து, உங்கள் மீட்டர் இடது காலை மட்டும் அளந்து அதை இரட்டிக்கிறது. உங்கள் இடது கால் மொத்தத்தில் 52 விழுக்காடு உழைப்பதாக இருந்தால், இரட்டித்த எண் 4 விழுக்காடு கூடி 229 ஆகிவிடும். மூன்றாவது கிராங்கின் நீளம். கிராங்கின் உட்புறத்தில் 170 (மில்லிமீட்டர்) என்று பொறித்திருக்க, செயலியில் 175 என்று பதிந்திருந்தால் ஏறக்குறைய 3 விழுக்காடு மேலும் கூடும். 229, 236 ஆயிற்று. இரண்டு கருவிகளும் சரியாகவே வேலை செய்துகொண்டு, 21 வாட் வேறுபட முடியும்.

உங்களுக்கு நடந்தது இதுவேதான் என்று நான் அறுதியிடவில்லை. ஒவ்வொன்றையும் நீங்கள்தான் சோதிக்க வேண்டும். நீளத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கால்களின் பங்கை அறிய, இருபுறமும் தனித்தனியே அளக்கும் பெடல்களை நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கி, மெதுவாகவும் கடுமையாகவும் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இந்தப் பங்கு வேகத்தோடும் களைப்போடும் மாறுவதால், ஒரே ஒரு எண்ணைக் கொண்டு திருத்திவிட முடியாது. ஒருபக்க மீட்டரின் உண்மையான வரம்பு இங்கேதான் இருக்கிறது. டிரெயினரின் கையேடு ஸ்பின்டவுன் (வேகமாகச் சுழற்றிவிட்டு, தானே நிற்கவிட்டு டிரெயினரைச் சரிசெய்வது) செய்யச் சொன்னால், அதைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகே செய்யுங்கள்.

கோத்தகிரி விஷயம் வேறு. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்திலும் கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கின்படி, வழியில் வெப்பம் பத்து டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வெப்ப ஈடுசெய்தல் சரிவர இல்லாத மீட்டரில் இதனால் பூஜ்ய நிலை, அதாவது பாரமே இல்லாதபோது கருவி காட்டும் அளவு, நகரும். திருப்பு விசையில் அது அரை நியூட்டன் மீட்டர் நகர்ந்தாலே, நிமிடத்துக்கு 70 சுற்றில் 3.7 வாட் பிழை. ஒருபக்க மீட்டர் அதையும் இரட்டித்து 7 வாட்டுக்கு மேல் ஆக்கிவிடும். பாதி மலையில் இறங்கி, பெடலில் எந்தப் பாரமும் இல்லாமல் மறுபடி பூஜ்யம் வையுங்கள். அதன்பின் வாட் எண் பழைய இடத்துக்கு வந்தால் குறை கருவியில், வராவிட்டால் காலில்.

மலை தரும் இன்னொரு சோதனையும் உண்டு, அதை யாரும் ஏமாற்ற முடியாது. நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 78 கிலோ, 1,000 மீட்டர் உயரத்தை 80 நிமிடத்தில் ஏறினீர்கள் என்றால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் சராசரி 159 வாட் தேவை. 5 விழுக்காடு ஏற்றத்தில் டயர், காற்று, செயின் ஆகியவற்றுக்காக இன்னும் 35 வாட் அளவில் சேரும். மீட்டர் 150 என்று சொன்னால் அது தவறு என்பதில் ஐயமே இல்லை.

கேள்வி: சைக்கிள் கணினியில் ‘கேலிபரேட்’ என்பதை நாள்தோறும் அழுத்திவிட்டே கிளம்புகிறேன். இது போதுமா?
- வாசகி, திருச்சி

பதில்: நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அந்தச் சொல் பலரைத் தவறாக எண்ண வைக்கிறது. தராசில் பாரம் வைக்குமுன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும் வேலையைத்தான் அது செய்கிறது. ஒரு கிலோவை ஒரு கிலோ என்று காட்டுகிறதா என்பது வேறு சோதனை. பூஜ்யம் வைப்பதிலும் நேரம் முக்கியம். ஏசி அறையிலிருந்து எடுத்த சைக்கிளுக்கு வாசலிலேயே பூஜ்யம் வைத்தால், கருவி வெளி வெப்பத்துக்கு வந்து சேரும்போது அது பொய்யாகியிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிய பின் நிறுத்தி, கால்களை எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் நிலையில் கிராங்கை வைத்து அழுத்துங்கள். திரையில் வரும் எண்ணைக் குறித்து வைப்பது இன்னும் நல்லது. வாரக்கணக்கில் சற்றே அசைந்த எண் ஒரு நாள் தாவினால், ஏதோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

அளவைச் சோதிக்க, உங்கள் செயலி திருப்பு விசையை நேரடியாகக் காட்டுமானால் வழி உண்டு. 20 கிலோ எடைத் தட்டு ஒன்றை முதலில் முத்திரையிட்ட கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உடற்பயிற்சிக்கூடத் தட்டுகளின் எழுத்தை அப்படியே நம்ப முடியாது. பூஜ்யம் வைத்துவிட்டு, பின்சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, கிராங்கை முன்பக்கம் கிடைமட்டமாக நிறுத்தி, தட்டைக் கயிற்றால் பெடல் அச்சில் ஆடாமல் தொங்கவிடுங்கள். 170 மில்லிமீட்டர் கிராங்கில் 33.3 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். ஒருபக்க மீட்டர் இரட்டித்துக் காட்டினால் 66.7. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 34.3 வந்தால் உங்கள் கருவி 3 விழுக்காடு கூட்டிச் சொல்கிறது. சில கருவிகளில் இதை நாமே செயலியில் திருத்தலாம். மற்றவற்றைத் தயாரிப்பாளரிடம்தான் அனுப்ப வேண்டும்.

கேள்வி: பவர் மீட்டர் பெடல்களை வேறு சைக்கிளுக்கு மாற்றினேன். முதல் அரைமணி நேரம் எண்கள் தாறுமாறாக இருந்தன.
- வாசகர், மதுரை

பதில்: மறைகள் இன்னும் சரியாக உட்காரவில்லை. கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், நான்கைந்து முறை முழு வேகத்தில் மிதியுங்கள், பிறகு பூஜ்யம் வையுங்கள். புதிய சைக்கிளின் கிராங்க் நீளத்தையும் செயலியில் மாற்ற மறக்க வேண்டாம்.

கேள்வி: ஒன்றாகவே ஓட்டிய நண்பரின் சராசரி வாட், என்னுடையதைவிட எப்போதும் மிக அதிகமாக இருக்கிறது. இருவரும் ஒரே எடை, ஒரே மாதிரிக் கருவி.
- வாசகர், சென்னை

பதில்: அவருடைய கணினியில், மிதிக்காத நொடிகளைச் சராசரியில் சேர்க்காதபடி அமைத்திருக்கக்கூடும். திறனுக்கு அந்தப் பூஜ்யங்கள் சேர்ந்தே ஆக வேண்டும். கால் ஓய்ந்த நேரமும் பயணத்தில் அடங்கியதுதான். அவருடைய அமைப்பை மாற்றிவிட்டு, இருவரும் அதே பாதையில் இன்னொரு முறை ஓட்டி எழுதுங்கள்.