தகரம் போன பிறகும்

கேள்வி: 2020 ஜூலையில் என் கணவருக்கு கொரோனா வந்ததும் எங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். எதிர்வீட்டு அண்ணன் பால்காரரைக்கூட எங்கள் பக்கம் வரவிடவில்லை. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போது மகள் கல்யாணப் பத்திரிகையை வாசலில் நின்றே நீட்டிவிட்டுப் போயிருக்கிறார். போகலாமா?
- பெயர் வேண்டாம், கொசப்பேட்டை, வேலூர்

பதில்: போங்கம்மா.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வருடம் தகரம் அடித்த தெருக்களில் பிளீச்சிங் பவுடர் வாளியோடு நின்றிருக்கிறேன். உள்ளே இருந்தவர்கள் மாத்திரை, காய்கறி கேட்டுப் போன் செய்வார்கள். வெளியே இருந்தவர்களுக்குத்தான் நடுக்கம் அதிகம். "சார், அந்த வீட்டுக் காத்து எங்க பக்கம் வீசுது" என்று ஒருவர் நடுராத்திரியில் கூப்பிட்டார். அவரை மட்டும் சொல்வானேன்? அந்த ஏப்ரலில் ஆந்திர எல்லைச் சாலையில் நம் மாவட்ட நிர்வாகமே சுவர் எழுப்பி, அப்புறம் இடித்ததே!

அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். வீட்டுக்காரர்கள் அதற்குக் கோபித்துக்கொள்வதும் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூழ் காய்ச்சி ஊற்றியதும் தெரு தானாக வந்து சேர்ந்துவிடும். தகரத்துக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. ஆணியைப் பிடுங்கினோம், வண்டியில் ஏற்றினோம், போய்விட்டோம். "சரியாயிடுச்சு, இனி போகலாம் வரலாம்" என்று தெருவுக்கு யாரும் சொல்லவில்லை.

தொழுநோயில் வேலூர் இதை முன்பே பார்த்திருக்கிறது. சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்து ஊர் திரும்பியவருக்கு வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. அதனால் 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் தொடங்கித் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். நோயைக் குணப்படுத்துவது ஒரு வேலை, ஊரில் சேர்ப்பது தனி வேலை.

எதிர்வீட்டுக்காரர் பத்திரிகையோடு படியேறியது அந்த இரண்டாவது வேலையின் தொடக்கம் என்றே எனக்குப் படுகிறது. மண்டபத்தில் எதையும் பேச முடியாது, பந்திக்கு இடம் பிடிப்பதே பெரும்பாடு. அதற்கு முன்பே ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்க் கல்யாண வேலையை விசாரியுங்கள். பால்காரரைத் தடுத்தது இன்னும் மனசில் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள், நம் ஆண்கள் அதில் மகா கஞ்சர்கள். மழுப்புவார், பரவாயில்லை.

மொய்யை மட்டும் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். அன்றைக்குப் பாலில்லாமல் வீட்டைச் சமாளித்தது நீங்கள்தானே.