ஏர்போர்ட் காபிக் கடைச் சான்றிதழ்: இனி உங்கள் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. விமான நிலையத்தில் காபியும் சாண்ட்விச்சும் விற்கும் கடை ஒன்றில், பெரிய நிறுவனத்துடன் சேர்ந்து என் கம்பெனிக்கு 30 சதவீதப் பங்கு இருக்கிறது. விமான நிலையக் கடைகளில் பங்கு பெற, பின்தங்கிய நிலையில் உள்ள சிறு தொழில்களுக்குத் தரும் ஏசிடிபிஇ (ACDBE) சான்றிதழ் 2019 முதல் வைத்திருக்கிறேன். இந்தியப் பெண் என்பதால் அப்போது பின்தங்கிய நிலையை நிரூபிக்கச் சொல்லவில்லை. இப்போது ‘பெர்சனல் நரேட்டிவ்’, அதாவது பின்தங்கிய நிலையை விளக்கும் என் சொந்தக் கதையை எழுதி, சொத்துக் கணக்கும் சேர்த்து அனுப்பும்படி கடிதம் வந்திருக்கிறது. சிவகங்கைப் பக்கம் கஷ்டப்பட்டு வளர்ந்ததை எழுதலாமா? ஊரில் அப்பா விட்டுப்போன நிலத்தில் தம்பியோடு எனக்கும் பங்கு உண்டு. அதைக் காட்ட வேண்டுமா? இதற்கிடையே பார்ட்னர் கம்பெனி, “உங்கள் சான்றிதழே சந்தேகத்தில் இருக்கிறது. மாதம் ஒரு தொகை தருகிறோம், கடைப் பக்கம் வர வேண்டாம், புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்” என்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். கடிதத்துக்குக் கெடு இருக்கும், ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நம்மூரில் தாசில்தார் தரும் சாதிச் சான்றிதழை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உங்கள் சாதி இருந்தால் போதும், ‘உனக்கு என்ன நடந்தது’ என்று யாரும் கேட்பதில்லை. ஏசிடிபிஇ சான்றிதழும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பெண்கள், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மக்கள், பூர்வகுடிகள், இந்தியா இலங்கை உள்ளிட்ட துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் பின்தங்கியவர்கள் என்று விதியே அனுமானித்துக்கொண்டது. உங்களுக்கு அந்த அனுமானம் இரண்டு வழியில் கிடைத்தது.

2025 அக்டோபர் 3 அன்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஓர் இடைக்கால இறுதி விதியைப் போட்டு அதை எடுத்துவிட்டது. அன்றே அமலுக்கும் வந்துவிட்டது. திடீரென்று முளைத்ததல்ல இது. இதே அனுமானத்தை எதிர்த்து இரண்டு கம்பெனிகள் வழக்குப் போட்டு, 2024 செப்டம்பரில் கென்டக்கி கூட்டாட்சி நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியிருந்தன. இப்போது ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் அந்தந்த மாநில அமைப்பு புதிதாக எடைபோட வேண்டும். இனத்தையோ பாலினத்தையோ முழுதாகவோ பகுதியாகவோ காரணமாக்கி முடிவெடுக்கக் கூடாது. உங்களுக்கு வந்த கடிதம் இந்த மறுபரிசீலனைக்கானதுதான். உங்களைச் சந்தேகப்பட்டு அனுப்பியதாக நினைத்துக் கலங்க வேண்டாம்.

சிவகங்கைக் கதைக்கு வருவோம். எழுதினால் படிப்பவருக்கு மனம் இளகலாம், ஆனால் சான்றிதழ் கிடைக்காது. அமெரிக்கச் சமூகத்துக்குள் உங்களுக்கு நேர்ந்த அனுபவங்களைத்தான் விதி கேட்கிறது. குடத்தோடு இரண்டு மைல் நடந்ததெல்லாம் கணக்கில் வராது. இங்கே வந்த பிறகு படிப்பிலோ வேலையிலோ தொழிலிலோ எது உங்களைத் தடுத்தது, அதனால் எவ்வளவு பண நஷ்டம், உங்களைப் போன்ற நிலையில் இருந்த, பின்தங்காத ஒருவருக்கு அது எப்படி நடந்திருக்கும் என்ற மூன்றும் வேண்டும்.

என்னிடம் வரும் வரைவுகளில் முக்கால்வாசி இப்படி இருக்கும்: “புலம்பெயர்ந்த பெண்ணாகப் பல தடைகளைத் தாண்டி வந்தேன். வங்கிகள் எனக்குக் கடன் தர மறுத்தன.” இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எந்த வங்கி, எந்த மாதம், எவ்வளவு கேட்டீர்கள், என்ன காரணம் சொன்னார்கள்? உதாரணத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “2016 மார்ச்சில் 80,000 டாலர் தொழில் கடன் கேட்டேன். கிரெடிட் வரலாறு போதாது என்று மறுத்தார்கள். கடிதம் இணைப்பு 3. அதனால் 19 சதவீத வட்டிக்கு வெளியில் வாங்கினேன். ஒப்பந்தம் இணைப்பு 4. அதே ஆண்டு அதே வணிக வளாகத்தில் கடை திறந்தவருக்கு வங்கிக் கடன் 7 சதவீதத்தில் கிடைத்தது. அவருடைய கடிதம் இணைப்பு 5. வட்டி வித்தியாசம் மட்டும் மூன்று ஆண்டில் இவ்வளவு.” எண்கள் நான் போட்டவை. உங்கள் உண்மையான எண்களைப் போடுங்கள்.

கடன் மறுத்தால் பெரும்பாலும் 30 நாளுக்குள் வங்கி தெரிவிக்க வேண்டும், காரணத்தைக் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு. அந்தப் பழைய கடிதம் மின்னஞ்சலில் எங்காவது கிடக்கும், தேடுங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் விசா) வந்து வேலை அனுமதி இல்லாமல் இருந்த ஆண்டுகள் உண்டா? (2015 மே வரை எச்-4 காரர்கள் வேலை பார்க்க வழியே இல்லை.) அது இந்த மண்ணில் நடந்தது, தேதி போட்ட அரசு ஆவணமும் இருக்கிறது. கைவிட்டுப்போன வேலை வாய்ப்புக் கடிதம் ஏதாவது இருந்தால் அதையும் வையுங்கள். ‘பெண்’, ‘இந்தியர்’ என்ற சொற்கள் கதையில் வருவதில் தப்பில்லை. ஆனால் வாதம் முழுவதையும் அவற்றின் மேல் சாய்த்தால் கீழே விழுந்துவிடும்.

நிலத்தைக் காட்டத்தான் வேண்டும். நிகரச் சொத்து 20 லட்சத்து 47 ஆயிரம் டாலரைத் தாண்டக் கூடாது என்பது 2024-இல் வந்த வரம்பு, அதற்கு முன் 13 லட்சத்து 20 ஆயிரம். குடியிருக்கும் வீட்டில் உங்கள் பங்கு, விண்ணப்பிக்கும் கம்பெனியில் உங்கள் பங்கு, ஓய்வூதியக் கணக்குகள் ஆகியவை கழிந்துவிடும். வெளிநாட்டு நிலம் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. பட்டா இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உயில் இல்லாமல் போனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு. அப்பா இறந்தபோது அம்மா இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போகும், ஆகவே பாதியா மூன்றில் ஒன்றா என்பதைச் சரியாகப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பைப் போடாமல் சந்தை மதிப்பைப் போடுங்கள். இன்னொன்று: கணக்கைக் குறைக்க, தம்பிக்கு அவசரமாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம். 2 ஆண்டுக்குள் உறவினருக்கு மாற்றிய சொத்தை உங்கள் கணக்கிலேயே சேர்ப்பார்கள். கையெழுத்துப் போடுவது பொய்யுறுதிக்கான தண்டனைக்கு உட்பட்டு என்பதையும் மறக்காதீர்கள். வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம், பொருளாதாரத்தில் உண்மையிலேயே பின்தங்கியிருப்பதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இனி பார்ட்னர். சான்றிதழ் உங்கள் கம்பெனிக்கு, கூட்டு முயற்சிக்கு அல்ல. ஆனால் அந்தக் கூட்டு முயற்சியைக் கணக்கில் எடுக்க விதி வைக்கும் நிபந்தனை கறாரானது: வேலையில் தெளிவாகப் பிரித்த ஒரு பகுதி உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும், மூலதனம், கட்டுப்பாடு, நிர்வாகம், நஷ்ட அபாயம், லாபம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு 30 சதவீதத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் ஒரே தொகை, கடைப் பக்கம் வர வேண்டாம் என்பதற்கு நம் ஊரில் ஒரே பெயர்தான்: பினாமி. விமான நிலையத்துக்கு அதைப் பங்காகக் காட்டினால் அது கூட்டாட்சி மோசடி வழக்காக மாறலாம். வழக்கு வரும்போது கையெழுத்துப் போட்ட நீங்களும் அதில் இருப்பீர்கள்.

அவர்கள் ஏன் இப்போது அவசரப்படுகிறார்கள் என்று யோசித்தேன். மாநில மறுபரிசீலனை முடியும் வரை உங்கள் பங்கை விமான நிலையம், ஏசிடிபிஇ கம்பெனிகளுக்கு இவ்வளவு வியாபாரம் என்று வைக்கும் இலக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர்களுக்கு உங்களால் கிடைத்த அனுகூலம் தற்காலிகமாக நின்றிருக்கிறது. அதனால் உங்கள் 30 சதவீதம் தானாகக் காணாமல் போய்விடாது, அது ஒப்பந்த உரிமை. கூட்டு ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள்: சான்றிதழ் போனால் பங்கை அவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்ற பிரிவு இருக்கிறதா, இருந்தால் விலை எப்படி என்று, பங்கு மாற விமான நிலையத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டுமா என்று. சான்றிதழ் ‘சந்தேகத்தில்’ இருப்பதும் ‘ரத்தானதும்’ ஒன்றல்ல. மின்னஞ்சலில் அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதை அழிக்காமல் வையுங்கள். பதில் இரண்டு வரி போதும்: “மறுபரிசீலனை நடக்கிறது. இருக்கும் ஒப்பந்தப்படியே தொடர்கிறேன்.” கடைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். ஷிப்ட் அட்டவணையிலும் சப்ளையர் ஆர்டர்களிலும் உங்கள் பெயர் இருக்கட்டும்.

நரேட்டிவைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, கிடைத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஒருவேளை மறுத்துவிட்டால் போக்குவரத்துத் துறையிடம் மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. அந்த 45 நாள் ஆணையில் போட்ட தேதியிலிருந்து ஓடும், நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல.